மேல் தட்டில் இருந்த கப்பல்

அழுதேன் என்றா சொல்லித் திரிகிறா அந்த மூலை வீட்டுக்காரி? இல்லை தங்கச்சி, நான் சிரித்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால், பின்னால் நின்று பார்க்கிறவவுக்குத் தோள் குலுங்குவது மட்டும்தானே தெரியும். போன மாதம் என் மருமகன் ஈஸ்ட் டாமாக்கியில் வேலையை விட்டுவிட்டார் என்று கதை கட்டியதும் அவதான். மனிசன் இரவு முறையிலிருந்து பகல் முறைக்கு மாறினார், வேறொன்றுமில்லை.

இப்படி வேலியின் இந்தப் பக்கம் வந்து நில்லும். இடது பக்கம் நிற்காதேயும், எனக்கு அந்தக் காது கேட்காது. அது ஏன் என்பதும் இந்தக் கதைக்குள்ளேதான் கிடக்கிறது.

மனுகாவில் ஒரு மண்டபத்தில் பழைய உலகச் சண்டைக் காலத்துப் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ எழுதக் கொடுத்திருக்கிறார்கள், அதற்காகப் போனாள், என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் எனக்குப் புக்கெகோஹித் தோட்டத்து வெங்காயத்தின் நினைப்பு. திரும்பும்போது ஒரு மூட்டை வாங்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள், கடைசியில் வாங்கவில்லை. சரி, அதை விடும்.

அங்கே ஒரு படம். ஆகாயத்தில் இருந்துகொண்டு ஜப்பான்காரன் கீழ்நோக்கி எடுத்தது. கடல் முழுக்கச் சாம்பல் நிறம். நடுவில் ஒரு நாசகாரிக் கப்பல், பெரிய கப்பல்களுக்குக் காவலாக ஓடுகிற வேகமான சண்டைக் கப்பல், கரப்பான் பூச்சியை மிதித்த மாதிரி இடுப்பில் உடைந்து புகை கக்கிக்கொண்டு கிடக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, உமக்குத் தெரிந்ததுதானே. பேத்தி கீழே எழுதியிருந்ததை இங்கிலீஷில் வாசித்து, பாதியைத் தமிழில் சொன்னாள். கப்பலின் பேரை அவள் சொன்னதும் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எட்டு வயதில் ஒரே நாளில் நூறு தரம் கேட்ட பேர் அது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம்.

எங்கள் ஊர்க் கிழக்குக் கரைக்கு வெளியே கடலில் மூழ்கித் தாண்டதாம். செத்தவர்களில் நாங்கள் இப்போது குடியிருக்கிற இந்த நாட்டுப் பெடியன்களும் இருந்தார்களாம். கடைசி நாட்களில் மாலுமிகள் ஒன்றாய் நின்று எடுத்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது, மூலை வீட்டுக்காரி பின்னால் நின்று பார்த்ததும் அப்போதுதான். எப்படிக் கிடைக்கும்? அதைச் சோடாப் போட்டுக் கழுவினவள் அங்கேயே நிற்கிறாளே.

எங்கள் கடை திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்தது. முன்பக்கம் அப்பாவுக்கு. சாமிப் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பார். பின்பக்கம் அப்பாவின் கடைசித் தம்பிக்கு. அவரை நாங்கள் குஞ்சையா என்போம். அவர் படம் பிடிக்கிறவர். மூன்று கால் வைத்த பெட்டிக் கமெரா, தலைக்கு மேல் போடுகிற கறுப்புத் துணி, ஒரு இருட்டறை. இருட்டறையில் புளித்த மணம் ஒன்று வரும், அது இப்போதும் எனக்கு வாய் ஊற வைக்கும். ஊறுகாய்ப் பானை மாதிரி. அந்த நாளில் படம் கண்ணாடியில்தான் விழும். பிளேட் என்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் எல்லாம் தலைகீழ் நிறம். வெள்ளைக்காரன் கரி மாதிரிக் கறுப்பு, நாங்கள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கரையார் தெருக் கிழவர் ஒருவர் தன் பிளேட்டைப் பார்த்து, என்னை ஏன் துரை ஆக்கினாய் என்று குஞ்சையாவோடு சண்டைக்குப் போனார்.

சண்டை தொடங்கியதும் கப்பலில் கண்ணாடி வருவது நின்றுவிட்டது. சனத்துக்குப் பயம் கூடக்கூடச் சாமிப் படம் கூடுதலாய்த் தேவைப்படும் அல்லவா. அப்பா என்ன செய்தார் என்றால், குஞ்சையாவின் பழைய பிளேட்டுகளைக் கழுவி அந்தக் கண்ணாடியைப் படங்களுக்குப் போட்டார். கழுவுகிற வேலை எனக்கு. சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியைத் தோய்த்து, பிளேட்டின் நடுவில் வைத்து ஊறவிட வேண்டும். பிறகு மூங்கில் சீவலால் வழித்தால் முகம், சேலை, இருக்கிற கதிரை எல்லாம் தோலாய்ச் சுருண்டு வரும். என் விரலெல்லாம் வெந்து வெடித்திருந்தது, ஆனாலும் எனக்கு அது விளையாட்டு. கரையில் ஒரு விரல் அகலத்துக்குக் கழுவக் கூடாது. அப்பா உள்ளே சிவப்புக் கடதாசிக் கரை ஒட்டித்தான் சட்டம் போடுவார், அது அந்த ஒரு விரலை மூடிவிடும். மூடுகிற இடத்துக்கு எதற்குச் சோடா என்பது அப்பாவின் கணக்கு. அதனால் அந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சாமிகளைச் சுற்றி யார் யாருடைய காலோ முழங்கையோ ஒளிந்து கிடந்தன. கும்பிட்டவர்களுக்குத் தெரியாது.

எல்லாப் பிளேட்டும் கழுவுகிறதில்லை. கீழ்த் தட்டுகளில் கிடந்தவை படம் வாங்கிப் போனவர்களுடையவை, அவற்றைக் கழுவலாம். மேல் தட்டு குஞ்சையாவின் தட்டு. அதில் யாரும் கை வைப்பதில்லை.

அந்த வருசப்பிறப்புக்குப் பத்து நாள் இருக்கும். நாசகாரியின் மாலுமிகள் சிலர் கடைக்கு வந்து, குஞ்சையாவைக் கமெராவோடு இறங்குதுறைக்கு அழைத்துப் போனார்கள். கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கப்பலைப் படம் பிடிக்கக் கூடாது என்பது கட்டளை. குஞ்சையா கையை விரித்துக் காட்டினார். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டு, நாங்கள் எங்களைத்தான் எடுக்கச் சொல்கிறோம், கப்பல் பின்னால் நின்றால் அது கப்பலின் குற்றம் என்று சைகையால் காட்டினான். முன்வரிசை குந்தியிருந்தது, பின்வரிசை நின்றது. குஞ்சையா பெரிய பிளேட் போட்டு எடுத்தார். அவ்வளவு பெரிய பிளேட் கடையில் கடைசியாய்க் கிடந்தது அது ஒன்றுதான். படம் அடிக்கிற கடதாசி கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது, அதனால் பிளேட்டை மேல் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். கப்பல் அடுத்த நாளே போய்விட்டது.

பிறகு பொலிஸ் சார்ஜன் ஆள் அனுப்பினார். வருசப்பிறப்புக்கு ஸ்டேசன் சுவரில் மாட்ட ஒரு பெரிய இலட்சுமி படம் வேண்டுமாம். அப்பா கண்ணாடி தேடினார். கீழ்த் தட்டில் எல்லாம் சின்னது. என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பெரிசு இல்லையெண்டால் மேல் தட்டைப் பார்." குஞ்சையா அப்போது ஒரு கலியாண வீட்டில் நின்றார். நான் முக்காலி வைத்து ஏறினேன்.

அறுபது வயதுக்கு மேல்தான் எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு அது என்ன பிளேட் என்று தெரியும். கட்டளையை மீறி எடுத்த படம் வீட்டில் கிடக்கிறதே, தம்பி மாட்டுப்படுவானே என்று நடுங்கியிருப்பார். கழுவிவிட்டால் ஒன்றுமில்லாமல் போகும், அதுவும் பொலிசுக்கே கண்ணாடியாய்ப் போய்விடும் என்று நினைத்திருப்பார். தம்பியைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்புத்தான். சொல்லிச் செய்திருக்கலாம், மனிசன் சொல்லவில்லை.

குண்டு போட்ட நாள் காலையில் நான் முற்றத்தில் வேறு பிளேட்டுகளுக்குச் சோடா கரைத்துக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்தது முதலில் காதுக்கு வரவில்லை, காலுக்குத்தான் வந்தது. நிலம் தூக்கிப் போட்டது. சோடாத் தண்ணீர் என் மடியில். அம்மா ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டு சட்டம் அடிக்கிற மேசைக்குக் கீழே போட்டுத் தான் மேலே கவிழ்ந்தா. அடுத்த குண்டுக்குக் கீழ்த் தட்டுகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. இருபது வருசத்து முகங்கள், தங்கச்சி. கலியாணங்கள், செத்தவீடுகள், முதல் பல் முளைத்த பிள்ளைகள். எல்லாம் ஒரே நேரத்தில் நொறுங்குகிற சத்தம் குண்டை விடப் பொல்லாதது. பிறகு அம்மாவின் முதுகிலிருந்து குஞ்சையா ஒவ்வொரு துண்டாய் இடுக்கியால் எடுத்தார். ஒரு துண்டில் ஒரு மாப்பிள்ளையின் தலைப்பாகை முழுசாய் இருந்தது.

தெருவில் ஒரு வண்டில் மாடு குடல் வெளியே கிடக்க எழும்ப எழும்பப் பார்த்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு ஆள் தன் கையைத் தானே மற்றக் கையால் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கை தோளோடு இல்லை. அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். முதுகெல்லாம் இரத்தம் வழிய அம்மா செம்பில் வார்த்தா. நன்றாய்க் குடித்தார், வாயைத் தோளில் துடைக்கப் பார்த்தார், துடைக்கத் தோள் இல்லை, அப்படியே சுவரில் சாய்ந்து செத்துப்போனார். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்காய் ஊருக்கு மேல் நின்றது. காகம் பறக்கவில்லை. நான் அந்தப் புகையில் கோழிக்கு வாய் கட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன், அது கூவவேயில்லை. பிள்ளைப் புத்தி.

கடைக்குள்ளே மேல் தட்டு மட்டும் விழவில்லை. அதைச் சுவரோடு ஆணி அடித்திருந்தது.

இரண்டாம் நாள் தெற்கேயிருந்து வந்த லொறிக்காரர் செய்தி கொண்டுவந்தார். அந்த நாசகாரியும் தாண்டுபோய்விட்டதாம். கடற்கரைச் சனம் சத்தம் கேட்டதாம், புகை பார்த்ததாம். ஊரில் உடனே கதை கிளம்பியது, கப்பல் எங்கே எப்படி நிற்கும் என்று எதிரிக்கு யாரோ படம் கொடுத்திருக்கிறார்கள் என்று. படம் பிடிக்கிறவர் அந்தத் தெருவில் ஒரே ஒருவர்தான். இறங்குதுறையில் அவரைக் கண்டவர்கள் பத்துப் பேர்.

சார்ஜன் வந்து பிளேட்டைக் கேட்டார். குஞ்சையா பயப்படவில்லை. கழுத்தை நிமிர்த்தி, அது பத்திரமாய் இருக்கிறது, மேல் தட்டு விழவில்லை என்று சொல்லிக்கொண்டே ஏறிக் கையை விட்டார். தட்டில் ஒன்றுமில்லை. திரும்பின முகத்தை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அப்பா ஆணிப் பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார். குஞ்சையாவைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா என் தோளைப் பிடித்து, வாயைத் திறந்தால் எல்லாரையும் கொண்டுபோவார்கள் என்று மட்டும் சொன்னார்.

பின்னேரத்துக்கு முன் கடற்படை லொறி வந்து அவரை ஏற்றும் என்று சனம் சொன்னது. உளவுக்காரரைக் கடற்கரையில் வைத்துச் சுடுவார்களாம். அம்மா சோறு கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனா. அப்பா வெளியே வாகை மரத்தடியில், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டி நின்றார். உள்ளே போகவில்லை.

சன்னலால் பார்த்தேன். குஞ்சையாவின் வலக் கையை மேசையில் விரித்து வைத்து, ஒரு பொலிஸ்காரர் மணிக்கட்டை அமத்திப் பிடித்திருந்தார். சார்ஜன் கையில் உருண்டை ரூல் தடி. கப்பலின் பேரைச் சொல்வார், அடிப்பார். பேரைச் சொல்வார், அடிப்பார். நடுவிரல் முறிந்தது முருங்கைக்காய் முறிக்கிற சத்தம்தான். பிறகு பக்கத்து விரல். குஞ்சையா கத்தி முடித்து, மூச்சு வாங்கிச் சொன்னார்.

"மேல் தட்டிலைதான் வைச்சனான் ஐயா. அதுக்கு மேலை எனக்கொண்டும் தெரியாது."

"தெரியாதோ? எந்த ஜப்பான்காரனுக்குக் குடுத்தனீ? சொல்லடா."

சார்ஜனின் தலைக்கு நேர் மேலே சுவரில் இலட்சுமி. செந்தாமரை, இரண்டு யானை, சுற்றிச் சிவப்புக் கரை. அவர் தடியை ஓங்கும்போதெல்லாம் தடியின் நுனி அந்தக் கண்ணாடியில் படாமல் பார்த்துப் பார்த்து ஓங்கினார். அவ்வளவு பக்தி.

நான் அம்மாவின் கையிலிருந்த சாப்பாட்டுக் கரியரைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பிள்ளை சோறு கொண்டுவருகிறது என்று வாசலில் விட்டுவிட்டார்கள்.

"அடிக்காதேங்கோ. அது உங்கடை இலட்சுமிக்கு மேலை கிடக்கு."

சார்ஜன் காதில் வாங்கவில்லை. நான் வாங்குப் பலகையில் ஏறி, அங்கிருந்து மேசையில் ஏறி, கரியரால் படத்தின் கீழ்ச் சட்டத்தில் ஓங்கி ஒரு தட்டு. ஆணியோடு வந்தது. சோறு ஒரு பக்கம், இலட்சுமி ஒரு பக்கம். சார்ஜனின் கை என் இடது காதில் விழுந்தது. எனக்குள்ளே ஒரு பெரிய மணி அடித்தது, தங்கச்சி, அதன் பிறகு அந்தப் பக்கம் இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை. என் காதால் இரத்தம் வந்து சட்டையில் சொட்டியதை நான் வேறு ஆளின் இரத்தம் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம்தான் கடற்படைத் துரை வாசலில் வந்து நின்றார். மெலிந்த மனிசன், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், நித்திரை இல்லாத முகம். நான் நிலத்தில் குந்திச் சட்டத்தின் மூலைகளைப் பிய்த்தேன். கண்ணாடி ஒரு வெடிப்போடு வந்தது. சிவப்புக் கடதாசியை நகத்தால் உரித்தேன். கரையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு என் மூங்கில் சீவல் படாத இடம் அப்படியே கிடந்தது. துரை அதை என்னிடமிருந்து வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

நடுவில் ஒன்றுமில்லை, எங்கள் புகை பிடித்த வானம்தான் தெரிந்தது. மேல் கரையில் கப்பலின் கொடிமரத்து நுனி, ஒரு கயிறு. கீழ்க் கரையில் காலில் போட்ட சப்பாத்துகள், வரிசையாய், வெள்ளை வெள்ளையாய். வலது கரையில் ஒரு ஆளின் தோளும் பாதி முகமும். துரை சப்பாத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு அந்தப் பாதி முகத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார். சார்ஜன் தரையில் கிடந்த இலட்சுமியில் ஒட்டின சோற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

துரை சார்ஜனிடம் இங்கிலீஷில் இரண்டு வசனம் சொன்னார், சத்தம் போடாமல். சார்ஜன் கைகாட்ட, பொலிஸ்காரர் குஞ்சையாவின் மணிக்கட்டை விட்டார். துரை சட்டைப்பையிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். குஞ்சையாவை அவர் பார்க்கவுமில்லை. அந்தக் கண்ணாடி எங்கே போனதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

மனுகாவில் நான் சிரித்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜப்பான்காரன் தன் கமெராவைத் தானே கொண்டுவந்திருக்கிறான். மேலே நின்றுகொண்டு ஆறுதலாய் எடுத்திருக்கிறான். எங்கள் பின்கட்டுப் படம் அவனுக்கு எதற்கு? அந்த ஒரு படத்தை அன்று சார்ஜனுக்கு யாராவது காட்டியிருந்தால் ஒரு மனிசனின் விரல் மிஞ்சியிருக்கும்.

வாகை மரத்தடியில் குஞ்சையா அப்பாவுக்கு முன்னால் போய் நின்றார். கையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அடிவாங்கின கோபம் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

"கழுவச் சொன்னது நீயோ, அண்ணை?"

அப்பா சால்வையை அவிழ்த்தார், கட்டினார். குஞ்சையா திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஒரே கடையில் முப்பது வருசம் இருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் கதைக்கவேயில்லை. ஏதும் சொல்ல வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்கள், நான் போய் மற்றவருக்குச் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில்தான் இருப்பார்கள். கலியாணம் கட்டிப் போகும்வரை எனக்கு அதுதான் உத்தியோகம்.

அடுத்த நாள் காலை குஞ்சையா என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். விரல்களுக்கு, முறிவு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் பனஞ்சிலாகை வைத்துக் கட்டியிருந்தார், கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்து மற்றக் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் என் கையை மெதுவாய் எடுத்துவிட்டார்.

"கழுவேக்கை அவையளின்ரை முகத்தைப் பாத்தனீதானே?"

ஓம் என்றேன்.

"எனக்குச் சொல்லு. ஒராள் ஒராளாய்ச் சொல்லு."

அவர் கமெராவுக்குள்ளே தலைகீழாய்த்தான் அவர்களைப் பார்த்தவர், அதுவும் ஒரு நிமிசம். நான் சோடா ஊறும்வரை அவர்களோடு அரைமணி நேரம் இருந்தவள். சொன்னேன். ஒருவனுக்குக் காது பெரிசு. ஒருவன் கண்ணை மூடிவிட்டான். ஒருவன் பக்கத்தில் இருக்கிறவனின் தொப்பியைத் தட்டப் போகிறான். ஒருவன் தாடையில் வெட்டு. குஞ்சையா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைக்குள்ளே அப்பாவின் சுத்தியல் நின்றுபோயிருந்தது.

பதினொன்றோ பன்னிரண்டோ சொல்லியிருப்பேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. சோடா ஆவி கண்ணில் பட்டு மிச்சப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டே வழித்திருந்தேன். ஆனால் குஞ்சையாவின் முகத்தைப் பார்த்தால் நிறுத்த மனம் வரவில்லை. நானாகக் கட்டிச் சொன்னேன். ஒருவனுக்கு முன்பல் இல்லை என்றேன். ஒருவன் சட்டைக்குள்ளே பூனைக்குட்டி ஒளித்து வைத்திருந்தான் என்றேன். ஒருவன் அழுகிற மாதிரி இருந்தான் என்றேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டேயிருந்தார்கள், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

முடித்ததும் குஞ்சையா கண்ணைத் திறந்தார். சிரித்தார், தங்கச்சி. அந்தக் கையோடு.

"நிண்டது இருபத்திரண்டு பேர், பிள்ளை. நீ இருபத்தாறு பேர் சொல்லிப்போட்டாய்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வீங்காத கையால் என் தலையைத் தடவினார். "பரவாயில்லை," என்றார். "மிச்ச நாலு பேரும் இருக்கட்டும்."

எண்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. எவரெவர் நான் கட்டினது, எவரெவர் உண்மையாய்த் தாண்டுபோனது என்று எனக்கு இப்போது பிரிக்கத் தெரியாது. பூனைக்குட்டிக்காரன் பொய் என்று நினைக்கிறேன். தாடையில் வெட்டு உண்மையாய்த்தான் இருக்க வேண்டும். பேத்தி சொல்கிறாள், அம்மம்மா நீங்கள் சொல்லுங்கோ, நான் டைப் பண்ணுகிறேன் என்று, இங்கிலீஷில்தான் சொன்னாள். அவளுக்கு நாலு பேரைக் கழித்துச் சொல்ல வேண்டுமே. எவரைக் கழிக்கிறது? இருபத்தாறு பேரும் எனக்கு ஒரே மாதிரித்தான் செத்தார்கள். உமக்குச் சொல்கிறேன், நீர் கேட்டுப் பாரும், எது பொய் மாதிரி இருக்கிறது என்று சொல்லும். முன்வரிசை, இடது கரை. முதலாவது ஆள் குந்தியிருக்கிறான், ஒரு சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது, அவன் பக்கத்தில் —

பொறும், குப்பை லொறி எங்கள் தெருவுக்குத் திரும்பிவிட்டது. தொட்டி இன்னும் கராஜுக்குள்ளேதான் நிற்கிறது, என் பேரப் பெடியன் வெளியே வைக்கவில்லை. வாரும், ஒரு பக்கத்தைப் பிடியும், இழுப்போம்.